தென்னை மட்டை எரிபொருளாகப் பரவாதது ஏன்?

கொழிஞ்சாம்பாறை உழவர்:
பாலக்காட்டு எல்லைத் தோப்புகளில் ஆண்டு முழுவதும் குவியும் மட்டையையும் பாளையையும் பெரும்பாலும் அங்கேயே எரித்துவிடுகிறோம். இவற்றிலிருந்து சிற்றாலைகளுக்கு வெப்பமும் மின்சாரமும் பெற முடியும் என்றிருக்க, வளரும் நாடுகளில் இத்தொழில் பரவாமல் தடுப்பது எது?

அரிசி ஆலைப் பணியாளர்:
ஐயா, முதல் தடை போக்குவரத்துச் செலவு. உதிரி வைக்கோல் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகூடத் தேறாது; வண்டி நிறைந்தாலும் எடை ஏறாது. கழிவை அழுத்திச் செய்யும் குச்சி எரிபொருளோ (பெல்லட்) 600 கிலோவைத் தாண்டும். ஆலைக்குள்ளேயே கிடைப்பதால்தான் உமி எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. அதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் சிலிக்கா கலந்த சாம்பலாக எஞ்சுவதால் அதை அகற்றுவதே தனி வேலையாகிவிடுகிறது.

பொள்ளாச்சி பொறியாளர்:
அத்துடன் ஈரத்தையும் சேர்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் நனைந்த மட்டை, தன் வெப்பத்தின் ஒரு பகுதியை நீரை ஆவியாக்குவதிலேயே இழக்கிறது. உலர்களமும் கிடங்கும் இல்லாமல் ஆண்டு முழுவதும் ஓட்ட இயலாது. ஆனால் என் பார்வையில் நிதியே பெருந்தடை: எரிபொருள் வரத்துக்கு நீண்டகால ஒப்பந்தம் இல்லாத ஆலைக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன, ஆலை வந்தபின் கழிவின் விலையும் ஏறுகிறது.

எல்லைக்கிராம வாசகர்:
ஆணை மட்டும் போதாது. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியுடன் 5 விழுக்காடு உயிரிக்கழிவு எரிபொருளைக் கலக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2021இல் கொள்கை வகுத்தும், போதிய உற்பத்தி இல்லாததால் பல நிலையங்களால் அதை எட்ட இயலவில்லை. உழவர் கூட்டுறவுகளே கழிவைத் திரட்டி, உலர்த்தி, எடைபோட்டு விற்கும் ஏற்பாடு முதலில் வேண்டும்.