தூக்குவாளியோடு கடைக்குப் போன அனுபவங்கள்

மதுரையிலிருந்து:

பிளாஸ்டிக் கவர் வேண்டாம் என்று கடைக்குப் போனால், அரிசி, பருப்பு, காய்கறிக்கு மஞ்சப்பை போதும். சிக்கலே ஈரப் பொருளில்தான். சாம்பார், சட்னி, இட்லி மாவு, கறி, மீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. அப்படியும் ராத்திரி டிபன் கடையில் நாலு இட்லி பார்சல் சொன்னால் இலைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள், சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்குத் தனித்தனிக் கவர் என்று வந்துவிடுகிறது. அதனால் எவர்சில்வர் தூக்கும் அடுக்கு டப்பாவுமாகப் போக ஆரம்பித்தேன்.

டிபன் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கூட்ட நேரத்தில் சாம்பாரும் சட்னியும் முன்கூட்டியே கவரில் கட்டி வாளியில் கிடக்கும். பார்சல் கட்டுகிற தம்பி அதில் ஒன்றை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, என் தூக்கில் ஊற்றிவிட்டுக் கவரைக் குப்பையில் போடுவார்! இதற்கு நான் சும்மாவே போயிருக்கலாம். இப்போது பில் போடும்போதே, "பாத்திரம் இருக்குண்ணே, கரண்டியில ஊத்தச் சொல்லுங்க" என்று கல்லாவில் சொல்லிவிடுகிறேன். கூட்டம் சேர்வதற்குள் போய்விட்டால் இந்தப் பேச்சே தேவையில்லை. கரண்டியில் ஊற்றும்போது சாம்பார் கொஞ்சம் தாராளமாகவே விழுகிறது, அது தனி லாபம்.

கறிக்கடையில் பிரச்சினை எடை. டப்பாவைத் தராசில் வைத்ததுமே பின்னால் நிற்பவர்கள், "பாத்திர எடைய யாரு கழிக்கிறது?" என்று முணுமுணுப்பார்கள். டிஜிட்டல் தராசில் வெறும் டப்பாவை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும், அவ்வளவுதான். கடைக்கார பாய்க்கு என்னைவிட இதில் ஆர்வம். "முன்னாடி தேக்கு இலையிலயும் தாமரை இலையிலயும்தான் தம்பி மடிச்சுக் கொடுத்தோம், கவரெல்லாம் பின்னாடி வந்தது" என்றார். மீனுக்கு மட்டும் மூடி இறுக்கமான டப்பாவாக இருக்கட்டும். பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து:

அண்ணா, பை விஷயமும் அவ்வளவு சுலபம் இல்லை. தங்கை கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை வாங்கப் போனோம். கடையில் காட்டியதெல்லாம் துணி மாதிரியே இருந்தது. "துணிதான் மேடம்" என்று அடித்துச் சொன்னார்கள். அம்மா ஒரு மாதிரிப் பையை வீட்டுக்கு எடுத்து வந்து ஓரத்தைக் கத்தரித்துத் தீக்குச்சியைக் காட்டினார். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கெட்டியாகிவிட்டது. பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்கேதான். நெய்யாத இந்தப் பைகளும் அந்த 14 வகைத் தடைப் பட்டியலில் உண்டு. அப்புறம் ஒரு தையல்காரரிடம் பருத்திப் பை சொன்னோம். விலை கூடத்தான். பெயரை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, அளவையும் கொஞ்சம் குறைத்துச் சமாளித்தோம். அந்தப் பைகளைச் சொந்தக்காரர்கள் இன்னும் ரேஷன் கடைக்கு எடுத்துப் போகிறார்கள்.

கோவையிலிருந்து:

நாங்கள் ஊட்டி போனபோது மலையேறும் வழியில் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. மேலே ஆங்காங்கே காசு போட்டால் தண்ணீர் தரும் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது, வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுபோனால் நிரப்பிக்கொள்ளலாம். போகிறவர்கள் சில்லறையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் 2022 மே மாதத்திலிருந்து பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். உடைந்த பாட்டில் யானைக் காலில் ஏறுகிறது என்று உயர் நீதிமன்றம் வரை போன விஷயம் இது. அது கண்ணாடிதான், ஆனாலும் கையில் காசு திரும்பி வந்தால் யாரும் வீசிவிட்டுப் போவதில்லை. சிப்ஸ் பாக்கெட்டுக்கும் இப்படி ஏதாவது செய்தால் தேவலை. மலையில் நான் அதிகம் பார்த்த குப்பை அதுதான்.

சென்னையிலிருந்து:

எங்கள் ஆபீஸில் பேப்பர் கப்பை நிறுத்தினோம். அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. கரக்பூர் ஐஐடிக்காரர்கள் 2020இல் சோதித்தபோது, 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தாலே சுமார் 25,000 நுண்துகள்கள் அதில் கலந்தது தெரிந்தது. அந்தச் செய்தியை அச்செடுத்து ஒட்டியதும் எல்லோரும் டம்ளர் கொண்டுவந்தார்கள். ஆனால் கழுவுவது யார்? முதல் வாரமே எச்சில் டம்ளரெல்லாம் தொட்டியில் குவிந்து, துப்புரவு வேலைக்கு வரும் அக்கா தலையில் விழுந்தது. அவர் என்னிடம், "மேடம், பேப்பர் கப்பே தேவலாம்" என்றார். அவர் கேட்டது நியாயம்தானே? அவரவர் டம்ளரை அவரவர் கழுவ வேண்டும் என்று பேசி முடித்தோம். சிலர் அதற்குச் சோம்பல்பட்டு டீயையே விட்டுவிட்டார்கள்.

பால் கவரை என்ன செய்கிறீர்கள் என்று யாராவது சொல்லுங்களேன்.

மதுரையிலிருந்து:

பால் கவருக்குத் தடையில் விலக்கு உண்டு. மூலையைத் துண்டாக வெட்டி எடுக்காமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறிவிடுங்கள். அந்தச் சின்னத் துண்டை அப்புறம் யாரும் பொறுக்கப் போவதில்லை. கவரை அலசிக் காயப்போட்டுச் சேர்த்துவைத்தால் பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் தூக்கு கொண்டுபோய்ப் பால் வாங்கியும் பார்த்தோம். தண்ணீர் கலக்கிறார் என்று அம்மாவுக்கும் அவருக்கும் தகராறு, மறுபடி கவர் பால்தான்.