பரணிலை கிடந்த வாள்: எந்தக் காலம், என்ன பெறுமதி?

முள்ளியவளையான்:
நேர் அலகு, 32½ அங்குலம். இரும்புக் கைக்காப்பிலை (பிடியிலை கையைக் காக்கிற தகடு) கொடி வேலைப்பாடு. முடிக்குக் கீழை ஈ, ஆர் எண்ட இங்கிலிஸ் எழுத்துகள் பின்னிக் கிடக்கு, ரோமன் ஏழும் தெரியுது. வன்னியரசன் பண்டாரவன்னியனோடை பொருதின வெள்ளைக்காரன்ர வாள் எண்டு ஊரிலை சொல்லுகினம். அரத்தாள் போட்டு மினுக்கினால் விலை கூடுமோ?

பழையஇரும்பு:
அரத்தாளைக் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ. அலகிலை இருக்கிற பூவேலை அமிலத்தாலை மெல்லிசா அரிச்சது. நாலு தரம் தேய்ச்சால் போயிடும், அதோடை விலையும் போயிடும்.

பண்டாரவன்னியன் பொருதின கற்சிலைமடுச் சண்டை 1803. அப்ப இங்கிலாந்து அரசன் மூன்றாம் ஜோர்ஜ். அந்தக் காலத்துக் காலாட்படை அதிகாரி வைச்சிருந்த 1796 மாதிரி (அந்த ஆண்டு பிரிட்டிஷ் படை ஏற்ற வடிவம்) வாளுக்குப் பொன்முலாம் பூசின பித்தளைக் கைக்காப்பு. உங்கடை எழுத்து ஏழாம் எட்வேர்ட்டின்ரை, 1901 – 1910. வாள் 1897 மாதிரி. கைக்காப்பின்ரை உள்விளிம்பு மடிஞ்சிருக்கோ எண்டு தடவிப் பாருங்கோ. சீருடை உரசிக் கிழியாமலிருக்கச் செய்த மடிப்பு அது.

அலகிலையும் அதே அரச எழுத்து இருக்க வேணும். வேறை எழுத்தெண்டால் பிறகு எதையோ மாத்தியிருக்கினம்.

முள்ளியவளையான்:
அதே எழுத்துத்தான். மடிப்பும் இருக்கு. அலகின்ரை அடியிலை ஆறுமுனை நட்சத்திரம், நடுவிலை பித்தளைப் பொட்டு.

வாள்முனை:
நட்சத்திரத்தை மட்டும் நம்பாதேங்கோ, கன பட்டறையள் அதைப் போட்டவை. பொட்டிலை எச்.டபிள்யூ. எண்டிருந்தால் வில்கின்சன் எண்ட இங்கிலாந்து வாள் கொம்பனி. கைக்காப்புக்குக் கிட்ட, அலகின்ரை முதுகைச் சாய்ந்த வெளிச்சத்திலை பாருங்கோ. இலக்கம் இருந்தால் அந்தக் கொம்பனியின்ரை பழைய பதிவேட்டிலை ஆண்டு பிடிக்கலாம், சிலவேளை வாங்கின அதிகாரியின்ரை பேரும் வரும். விலையைத் தூக்கிறது அந்தப் பேர்தான். பேரில்லாத 1897 மாதிரி கனக்கக் கிடைக்கும். இங்கிலாந்து ஏலங்களிலை நல்ல நிலையிலை இருந்தாலும் சில நூறு பவுண்தான்.

போலியோ எண்டறிய, பிடியின்ரை உச்சியைப் பாருங்கோ. அசலிலை அலகின்ரை வால் (பிடிக்குள்ளாலை போற ஒடுங்கின பகுதி) உச்சிக் குமிழுக்கு மேலை வந்து தட்டி மழுக்கப்பட்டிருக்கும். திருகாணி நட் தெரிஞ்சால் அனேகமாப் புதுசு. பிடி திருக்கைத்தோல், மேலை கம்பி சுத்தினது. முல்லைத்தீவு ஆக்களுக்குத் திருக்கைத்தோலின்ரை மணி மணியான பரப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழையஇரும்பு:
துப்புரவுக்குத் தையல் மெசின் எண்ணெய், பஞ்சு, அவ்வளவுதான். எண்ணெயை ஒரு நாள் ஊறவிட்டுத் துடையுங்கோ. செந்துரு உதிர்ந்தால் அந்த இடத்துக்கு மட்டும், பூவேலை இல்லாத பக்கத்திலை, ஆக மெல்லிசான இரும்புப் பஞ்சை எண்ணெயிலை தோய்ச்சுப் பிடியுங்கோ. கறுத்த படலத்தை விட்டிடுங்கோ. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் கெட்டுப்போய் ஊத்தையைப் பிடிக்கும். தோலுறை இருந்தால் வாளை அதுக்குள்ளை வைக்காதேங்கோ. தோல் ஈரத்தை இழுத்து அலகைத் தின்னும்.

விக்கிறதெண்டால் பண்டாரவன்னியன் கதையைச் சேர்க்காமல் விக்கவேணும். வெளிநாட்டுக்கு அனுப்ப நினைச்சால், விலை பேச முதல் தொல்பொருள் திணைக்களத்திலை அனுமதியைக் கேட்டு எழுத்திலை எடுங்கோ.