வட ஒன்டாரியோ காட்டுக்குள் நிலம் வாங்கி கேபின் கட்டலாமா?

கேள்வி: அண்ணா, கனடாவில் டொராண்டோ பக்கம் பிராம்ப்டனில் இருக்கிறோம். பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. காக்ரன் பக்கம் காட்டுக்குள் நிலம் ரொம்ப மலிவாக விளம்பரத்தில் வருகிறது. கரண்ட், தண்ணீர் எதுவும் கிடையாது. சின்னதாக ஒரு மரவீடு கட்டி, சோலார் போட்டு, லீவு நாட்களில் போய் இருக்கலாம் என்று நானும் மனைவியும் யோசிக்கிறோம். பர்மிட்கூட வேண்டாமாமே?

பதில்: தம்பி, தாராளமாகக் கட்டலாம். ஆனால் நிலம் ஏன் இவ்வளவு மலிவு என்று விற்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் பாதைதான் காரணமாக இருக்கும். ஹைவே 11-ஐ விட்டு உள்ளே திரும்பினால், பல இடங்களில் மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட மண் ரோடுதான். குளிர்காலத்தில் அங்கே யாரும் ஸ்நோ தள்ள வர மாட்டார்கள். மரம் வெட்டி முடிந்ததும் பாலத்தைக் கழற்றிக்கொண்டு போவதும் உண்டு. சில நிலங்களுக்கு ஏரி வழியாகத்தான் போக முடியும்: கோடையில் படகு, குளிரில் ஸ்நோமொபைல். ஏரி உறையும் வாரங்களிலும் உருகும் வாரங்களிலும் இரண்டும் ஆகாது. தெளிவான பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் இருந்தால்தான் கால் வைக்கலாம். வெளுத்த பனிக்கட்டிக்கு அதில் பாதி பலம்தான்.

சட்டப்படி வழி உரிமை இருக்கிறதா, கனிம உரிமை யாரிடம் இருக்கிறது, இந்த இரண்டையும் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். மேல்நிலம் ஒருவருக்கு, அடியில் இருக்கும் கனிமம் வேறொருவருக்கு என்பது அங்கே சகஜம். சும்மா கிடக்கிறதே என்று அரசு நிலத்தில் கொட்டகை போடுகிற யோசனை மட்டும் வேண்டாம். ஒன்டாரியோவில் சுமார் 87 சதவீதம் அரசு நிலம்தான். அதில் ஒரே இடத்தில் வருடத்துக்கு 21 நாள் வரை கூடாரம் போடலாம், அவ்வளவுதான்.

பர்மிட் பற்றிக் கேள்விப்பட்டது பாதி உண்மை. முனிசிபாலிட்டி இல்லாத பகுதிகளில் கட்டட பர்மிட் கொடுக்க ஆளே இல்லை. ஆனால் கட்டட விதிகள் அங்கும் செல்லும், செப்டிக் தொட்டிக்குத் தனி அனுமதியும் வேண்டும். வெறும் குழிக் கழிப்பறை என்றால் ஏரியிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி வையுங்கள்.

காக்ரன் வட்டாரம் களிமண் பூமி. ஈரத்தோடு உறையும்போது அது பொங்கித் தூணையே மேலே தூக்கும்; வசந்தத்தில் போய்ப் பார்த்தால் கதவு மூடாது. அஸ்திவாரத்துக்கு டொராண்டோவில் 1.2 மீட்டர் தோண்டினால் போதும், அங்கே அதைவிட நிறையவே ஆழம் போக வேண்டும். சின்ன கேபினுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று பலர் சரளைக் கல் மெத்தையின் மேல் கேபினின் கால்களை நிறுத்தி, வருடா வருடம் ஜாக்கி வைத்து மட்டம் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

சோலார் கோடைக்கு அருமை. டிசம்பரில் பகலே எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், சூரியனும் மரத்தலைக்கு மேல் ஏறாது. லித்தியம் பேட்டரியில் இன்னொரு சிக்கல், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. வெள்ளி இரவு போய் இறங்குகிறீர்கள், வீட்டுக்குள்ளேயே மைனஸ் 25. மறுநாள் காலை பேனலில் நல்ல வெயில் விழும், ஆனால் பேட்டரி ஏற்றுக்கொள்ளாது. அடுப்பு எரிந்து பேட்டரியின் உடம்பு சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் பேட்டரியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள், சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் இருக்கட்டும்.

ஆக, உயிரைக் காப்பது விறகு அடுப்புதான். பணத்தை அதில் போடுங்கள். இந்தக் குளிருக்கு எரிக்கும் விறகு போன வருடமே வெட்டிப் பிளந்து அடுக்கியதாக இருக்க வேண்டும். பர்ச் மரம் நன்றாக எரியும், ஆனால் பிளக்காமல் போட்டால் அந்த வெள்ளைப் பட்டை ஈரத்தை வெளியே விடாது, உள்ளேயே மக்கிவிடும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்றுதான் கேட்கும். ஈர விறகின் புகை குழாய்க்குள் தாராகப் படிந்து, ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும். விலைக்கு வாங்கினால் முழு கார்டா (cord, விறகை அளக்கும் அளவு) என்று கேளுங்கள், அதாவது 4 அடிக்கு 4 அடிக்கு 8 அடி அடுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கை அடுக்கிக் காட்டி கார்டு என்று விற்பவர்கள் உண்டு. இன்சூரன்ஸ்காரர்கள் அடுப்புக்கு 'வெட்' (WETT) பரிசோதனைச் சான்று, அதாவது அடுப்பும் குழாயும் பாதுகாப்பாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற சான்று கேட்பார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்காதீர்கள்.

கேள்வி: நன்றி அண்ணா. மனைவிக்குக் கரடி பயம்தான். ஜூனில் லீவு போட்டுக் கட்டத் தொடங்கலாமா?

பதில்: கருங்கரடி உங்களைத் தேடி வராது, குப்பையைத் தேடித்தான் வரும். சாப்பாட்டு மிச்சத்தை வெளியே வைக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். ஜூன் மட்டும் வேண்டாம் தம்பி. மே நடுவிலிருந்து கருப்பு ஈ, அது அடங்குவதற்குள் கொசு. காதுக்குப் பின்னால் ரத்தம் வழிய யாரால் ஆணி அடிக்க முடியும்? ஆகஸ்ட் கடைசியில் லீவு கேளுங்கள். அதற்கு முன்னால் வருகிற பிப்ரவரியில் அந்தப் பக்கம் விறகு அடுப்பு மட்டும் உள்ள ஒரு கேபினை வாடகைக்கு எடுத்து, மனைவியோடு இரண்டு ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.