மறுமொழி: ‘மேக்னடிக் டைம்லைன்’ – காந்தமா, கோவையா?

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

படத்தொகுப்பு மென்பொருள்களில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு ஐயா அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலை இரண்டு நாளாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். ‘டைம்லைன்’ (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை) என்பதற்குக் காலக்கோடு, ‘ப்ராக்ஸி’க்கு (கனமான கோப்புக்குப் பதில் வைத்து வேலை பார்க்கும் இலேசான நகல்) பதிலி, ‘மல்டிகேம்’முக்கு (ஒரே நிகழ்வைப் பல கேமராவில் எடுத்துச் சேர்த்துத் தொகுப்பது) பல்கோணத் தொகுப்பு – இவை மூன்றும் எனக்குச் சரி. நாளைக்கே என் மாணவர்களிடம் சொல்லிப் பழக்கலாம். ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

> மேக்னடிக் டைம்லைன் – காந்தக் காலக்கோடு

இதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர் எப்போது வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்ற படத்தொகுப்பு மென்பொருளை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஏழாம் பதிப்பில் பழகியவர்கள் அதைத் திறந்து பார்த்தபோது, வேண்டியவை பல காணோம். பல்கோணத் தொகுப்பு இல்லை. தொகுத்த வேலையை வேறு இடத்துக்கு அனுப்பும் கோப்பு வகைகளும் இல்லை: ஒலிக்கூடத்துக்கு அனுப்ப ஓஎம்எஃப் இல்லை, வண்ணச்சீராக்கத்துக்கு அனுப்ப இடிஎல் இல்லை, எக்ஸ்எம்எல்லும் இல்லை. பழைய வேலைகளைத் திறக்கவே வழியில்லை. எக்ஸ்எம்எல் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தது. பல்கோணத் தொகுப்பு 2012 ஜனவரியில், 64 கோணம் வரைக்கும், வந்து சேர்ந்தது. விட்டுப்போனவற்றில் சில இப்படித் திரும்பின. ஆனால் தடங்கள் திரும்பவே இல்லை. படத்துக்கு வி1, வி2, ஒலிக்கு ஏ1, ஏ2 என்று அடுக்கடுக்காக இருந்த தடங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைத்ததற்குத்தான் ‘மேக்னடிக் டைம்லைன்’ என்று பெயர். ஆகவே நாம் பெயர் தேடுவது ஒரு சின்ன வசதிக்கு இல்லை. தொகுப்பாளரின் கை பழகிய முறையே மாறியதற்கு.

அந்த மாற்றத்தை ஒரு விசையில் காட்டலாம். ஏழாம் பதிப்பில் ஒரு ஷாட்டைத் தேர்ந்து டெலீட் விசையைத் தட்டினால் ஷாட் போகும், அது இருந்த இடம் ஓட்டையாக அப்படியே நிற்கும். ஓட்டையும் மூடவேண்டும் என்றால் ஷிஃப்டையும் சேர்த்துத் தட்டவேண்டும். எக்ஸ் பதிப்பில் இது தலைகீழ். வெறும் டெலீட் தட்டினால் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் வந்து ஓட்டை மூடிக்கொள்ளும். இடம் அப்படியே இருக்கட்டும் என்றால்தான் ஷிஃப்ட். முன்பு தனியாகக் கேட்டால் மட்டும் நடந்தது, இப்போது கேட்காமலே நடக்கிறது.

சரி, இதற்குக் ‘காந்தம்’ பொருந்துமா?

முதலில் என் வேலைமேசையிலிருந்தே ஒரு தடை. ப்ரீமியர், டாவின்சி ரிசால்வ் என்ற மற்ற இரண்டு தொகுப்பு மென்பொருள்களிலும் காலக்கோட்டுக்கு மேலே ஒரு லாடக் காந்தத்தின் படம் இருக்கிறது. அது ‘ஸ்னாப்’. ஒரு துண்டை இழுத்துக்கொண்டு போகும்போது, அதன் விளிம்பு அடுத்த துண்டின் விளிம்புக்கு அருகில் வந்ததும் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் செய்கிற வேலை உண்மையில் இதுதான். மாணவர்களிடம் காந்தக் காலக்கோடு என்று சொல்லிப் பார்த்தேன்; நான்கு பேரில் மூன்று பேர் அந்த லாடப் படத்தைத்தான் கை காட்டினார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

இரண்டாவது, மூத்த தொகுப்பாளர்களிடம் ‘மேக்னடிக்’ என்றால் அது ஒலி. இரும்பு ஆக்சைடு பூசிய 35 மி.மீ. ஒலிச்சுருளைத்தான் அவர்கள் மேக்னடிக் டிராக் என்பார்கள். படச்சுருள் தனி, மேக்னடிக் தனி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பல்சக்கரத்தில் மாட்டி ஓட்டுவார்கள். காந்தக் கோடு என்று அவர்களிடம் சொன்னால் ஒலித்தடம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, 2024 நவம்பரில் வந்த ஃபைனல் கட் ப்ரோ 11இல் ‘மேக்னடிக் மாஸ்க்’ என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். பச்சைத் திரை இல்லாமலே ஓர் ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்துத் தருவது அதன் வேலை. காலக்கோட்டில் ஓட்டை மூடுவதற்கும் இதற்கும் எந்த ஒட்டுறவும் கிடையாது. அந்த நிறுவனத்துக்கு ‘மேக்னடிக்’ ஒரு விற்பனைச் சொல், பிடித்த இடத்திலெல்லாம் சூட்டுகிறார்கள். அவர்கள் சூட்டும் இடமெல்லாம் நாமும் காந்தம் காந்தம் என்று பின்னால் போனால், பத்து ஆண்டில் நம் பட்டியலில் பத்துக் காந்தம் இருக்கும்.

அதைவிடப் பெரிய குறை, காந்தம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. நடுவில் ஒரு ஷாட்டைக் கொண்டுபோய் வைத்தால் பின்னால் இருப்பதெல்லாம் விலகி இடம் கொடுக்கிறது. முதன்மை வரிக்கு மேலே இணைத்த துண்டுகள் ஒன்றோடொன்று மோதினால் ஒன்று தானாக ஒரு படி மேலே ஏறிக்கொள்கிறது. ஈர்ப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் விளக்க முடியாது.

அப்படியானால் வேறு என்ன சொல்லலாம்?

சென்ற மாதம் அம்மாவின் பவழமாலை நூல் நைந்து அறுந்துவிட்டது. அவரே உட்கார்ந்து மறுபடி கோத்தார். பாதி கோத்தபிறகு நடுவில் ஒரு மணி விளிம்பு உடைந்திருப்பது தெரிந்தது. அந்த மணி வரைக்கும் உருவி, அதை எடுத்துவிட்டு, மற்றதை மறுபடி நூலில் விட்டு லேசாகச் சாய்த்தார். மணியெல்லாம் வழுக்கிக்கொண்டு போய் ஒன்றையொன்று தொட்டு நின்றன. ஓட்டை இல்லை. எனக்கு அந்த நிமிடமே பொறி தட்டியது. நான் தினமும் திரையில் பார்ப்பது இதைத்தான். பூச்சரத்தில் இது நடக்காது, கவனியுங்கள். தொடுத்த பூவுக்கு முடிச்சு உண்டு, ஒன்றைப் பிய்த்தால் அந்த இடம் வெறுமையாகத்தான் நிற்கும். நகர்வது கோத்த மணி. தொடுப்பதும் கோப்பதும் வேறு வேறு என்று நம் மொழிக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆகவே என் பரிந்துரை: காட்சிக்கோவை. காட்சிகளை இடைவெளி இல்லாமல் கோத்து வைத்திருக்கும் அந்த முதன்மை வரிக்கு இது பெயர். அந்த முறையில் இயங்கும் காலக்கோடு, கோவைக் காலக்கோடு. பழைய முறை, தடக் காலக்கோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தானாக விளங்கும்.

கோவை என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இன்னும் காரணம் உண்டு. ‘கோவையாகச் சொல்’ என்றால் முன்பின் தொடர்போடு சொல் என்று அர்த்தம். தொகுப்பாளர் செய்ய வேண்டிய வேலையும் அதுதான். நாம் கணினியில் தினமும் சொல்லும் ‘கோப்பு’ம் இதே வேரில் வந்தது. அப்புறம், கோவை என்றே ஒரு சிற்றிலக்கியம் இருக்கிறது. அகத்துறைப் பாடல்கள் தனித்தனியே நிற்கக்கூடியவை. அவற்றை நானூறு பாட்டாக, தலைவனும் தலைவியும் முதலில் சந்திப்பதிலிருந்து ஒரு கதையாக வரிசைப்படுத்திக் கோப்பார்கள். தனிக் காட்சிகளைக் கதையாகக் கோப்பதற்குத் தமிழ் முன்பே வைத்த பெயர் இது. கோயம்புத்தூரையும் கோவை என்கிறோமே என்று கேட்பீர்கள். காட்சிக்கோவை என்று சேர்த்துச் சொன்னால் யாரும் ரயிலைத் தேடமாட்டார்கள்.

இந்தச் சொல்லை எடுத்தால் அதன் குடும்பமும் எளிதாக வந்துவிடுகிறது. எக்ஸ் பதிப்பில் ‘கேப்’ என்பது வெற்றிடமில்லை. அதுவும் ஒரு துண்டுதான், படமில்லாத துண்டு. நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதை வெற்றுமணி எனலாம். முதன்மை வரியில் இணைத்துவைக்கும் ‘கனெக்டட் கிளிப்’, தொங்கல். மணி நகர்ந்தால் அதில் கட்டிய தொங்கலும் கூடவே நகரும், மணியை எடுத்தால் அதுவும் போகும். மென்பொருளிலும் அப்படியேதான்.

அடுத்து ‘ரிப்பிள்’, அதாவது ஒன்றை மாற்றினால் பின்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து நகர்வது. குழுமத்துத் தங்கை எழுதிய ‘அலைத்திருத்தம்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் குளத்தில் கல் போட்டால் அலை போகும், தண்ணீர் இருந்த இடத்திலேயே எழும்பி அடங்கும். இங்கே அப்படியில்லை. பின்னால் உள்ள ஒவ்வொரு ஷாட்டும் புது நேரத்துக்கு இடம் மாறிவிடுகிறது, திரும்பி வருவதில்லை. படத்தின் மொத்த நீளமும் மாறுகிறது. கட்டளைப் பட்டியலில் வரப்போகும் சொல் இது என்பதால் நேராகவே சொல்லிவிடலாம்: இடம்மூடி நீக்கு, இடம்விட்டு நீக்கு.

இது எனக்கு ஏன் முக்கியம் என்றால், சென்ற தையில் ஒரு கல்யாண வீடியோ. தடக் காலக்கோட்டில்தான் வேலை. இசைத்தடத்தைப் பூட்டி வைத்திருந்தோம். தாலி கட்டுவதற்கு முன்னால் ஓரிடத்தில் கேமரா ஆடிய 14 ஃபிரேமை மாணவர் எடுத்தார். படம் முன்னால் நகர்ந்தது, பூட்டிய இசை நகரவில்லை. வினாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அரை வினாடிக்குச் சற்றுமேல். மாப்பிள்ளையின் விரல் முடிச்சை இறுக்கி முடிக்கிறது, அதற்கப்புறம்தான் கெட்டிமேளம் கொட்டுகிறது. ஏதோ தப்பு என்று இருவருக்கும் தெரிந்தது, என்ன தப்பு என்று பேச எங்களிடம் சொல் இல்லை. “ரிப்பிள் பண்ணியா?” என்று நான் கேட்டேன், அவர் விழித்தார். “இடம்மூடி நீக்கினாயா?” என்று கேட்டிருந்தால் அந்த நொடியே பதில் வந்திருக்கும். படச்சுருள் காலத்தில் இந்தத் தப்பு கைக்கே தெரிந்துவிடும். படத்தில் 14 ஃபிரேம் வெட்டி ஒட்டினால் ஒலிச்சுருளிலும் 14 ஃபிரேம் எடுத்தே ஆகவேண்டும்.

‘ரோல்’ என்பதற்குப் பட்டியலில் ‘உருட்டல்’ என்றிருக்கிறது. அங்கே எதுவும் உருளவில்லை. இரண்டு ஷாட்டுக்கு நடுவில் இருக்கும் வெட்டுப்புள்ளி நகர்கிறது. ஒன்று வளர்ந்த அளவுக்கு மற்றது குறையும், மொத்த நீளம் மாறாது. இரண்டு வயலுக்கு நடுவில் இருக்கும் வரப்பைத் தள்ளிவைப்பது போலத்தான். வரப்பு நகர்த்தல் என்று வைக்கலாம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தைகூட விளக்கவேண்டாம். ‘ஸ்லிப்’ என்றால் துண்டு இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குள் தெரியும் பகுதி மட்டும் மாறுவது; ‘ஸ்லைட்’ என்றால் துண்டே இடம் மாறுவது. இரண்டுக்கும் உள்நகர்த்தல், இடம்நகர்த்தல் போதும்.

புதிதாக வந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ப்ரீமியரில் 2025இல் வந்த ‘ஜெனரேட்டிவ் எக்ஸ்டென்ட்’. ஷாட் இரண்டு நொடி போதாமல் இருந்தால், கேமரா எடுக்காத ஃபிரேம்களை அது தானே உண்டாக்கி நீட்டித் தருகிறது. பட்டியலில் ‘நீட்டிப்பு’ என்று மட்டும் இருக்கிறது. இல்லாததை உண்டாக்கியது என்பது பெயரிலேயே தெரியவேண்டும், செய்திப்படம் செய்பவர்களுக்கு இது அவசியம். புனைநீட்டல் என்பது என் பரிந்துரை.

‘பிரவுசர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் இலைதழை மேய்கிற ஆடு இருக்கிறது. நாம் மேய்வி என்று வைக்கவில்லை, உலாவி என்றோம். ‘மவுஸ்’ வந்தபோது பலர் சுட்டி என்றார்கள். அது என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தவை அவை. காந்தத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்கும்படி ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.

* * *

தம்பிக்கு,

மடல் கண்டேன். மேக்னடிக் டிராக் பற்றிச் சொன்னது உண்மை. எனக்கே அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காந்தத்தை எடுத்துவிடுகிறேன். காட்சிக்கோவை நன்றாகவே இருக்கிறது.

தொங்கலில் மட்டும் எனக்கு இடறுகிறது. நீங்கள் சொல்லும் அந்தத் துண்டு பெரும்பாலும் முதன்மை வரிக்கு மேலேதானே நிற்கிறது? மேலே நிற்பதைத் தொங்கல் என்றால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்களே. ஒலித்துண்டுக்குச் சரி, அது கீழே வரும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று சொல்லுங்கள்.

‘இடம்மூடி நீக்கு’, ‘இடம்விட்டு நீக்கு’ இரண்டையும் இன்றே ஏற்றிவிட்டேன்.

* * *

ஐயா,

நீங்கள் சொன்னது சரிதான். நான் மாலையையே நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன், திரையை மறந்துவிட்டேன். படத்துண்டு மேலே நிற்பதைத் தொங்கல் என்று சொல்ல முடியாது. பிணைதுண்டு என்று வைத்துக்கொள்ளலாமா? மேலே நின்றாலும் கீழே நின்றாலும், எந்த மணியோடு பிணைத்தோமோ அதோடு போகும் என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. வெற்றுமணியை மட்டும் விட்டுவிட மனமில்லை, பட்டியலில் இருக்கட்டும்.

தங்கை ‘ரோல்ஸ்’ பற்றிக் கேட்டிருந்தார். இது ‘ரோல்’ வெட்டு இல்லை, வேறு. தடங்கள் போனபிறகு, எந்தத் துண்டு உரையாடல், எது இசை, எது ஒலிவிளைவு என்று பிரித்து ஏற்றுமதி செய்வதற்காக இடும் அடையாளம். ‘பாத்திரம்’ என்று போட்டால் நடிகரைச் சொல்வதாகிவிடும். வகைக்குறி என்று போட்டுவிடலாம்.

வியாழக்கிழமை வகுப்பில் இந்தச் சொற்களை வைத்தே ஒரு காட்சியை முழுவதும் தொகுத்துக் காட்டப்போகிறேன். எந்தச் சொல்லில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து எழுதுகிறேன்.