எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, பதினொரு காயம்: எங்கள் கேலிக் ஃபுட்பால் அணிக்கு யாராவது வழி சொல்லுங்கள்

தூத்துக்குடிப் பொண்ணு (மிட்ராண்ட்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு சின்னப் பெண்கள் கேலிக் ஃபுட்பால் அணியை நான் பார்த்துக்கொள்கிறேன். அயர்லாந்துக்காரர்களின் ஆட்டம் அது. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நாலு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கால் நுனியில் விட்டு மறுபடி கைக்கு வாங்க வேண்டும். ரக்பி மாதிரியே எச் வடிவக் கம்பம். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று. அங்கே பக்கத்துக்கு 15 பேர். இங்கே அத்தனை பேரைச் சேர்க்க முடியாது, 9 பேராக ஆடுகிறோம். மைதானம் ரக்பிக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்தது.

நான் கல்லூரியில் கபடி ஆடியவள். கூட வேலை செய்கிற அயர்லாந்துப் பெண் ஒருத்தி ஒரு சனிக்கிழமை இழுத்துக்கொண்டு போனாள், அதிலிருந்து விடவில்லை. இப்போது அணியில் அயர்லாந்துக்காரர்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் சோவெட்டோ, லெனேசியா, கெம்ப்டன் பார்க் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். டீச்சர், நர்ஸ், வங்கி வேலை, ஒரு சட்டக் கல்லூரி மாணவி.

போன வருஷம் இறுதி ஆட்டம் வரை போனோம். இந்த வருஷம் எட்டு ஆட்டம் ஆடி ஒன்றில்தான் ஜெயித்தோம், ஒன்று சமன். மார்ச்சில் 17 பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்ட் கடைசி ஆட்டத்துக்கு எட்டே பேர். எதிர் அணியிடம் ஒரு ஆளைக் கடன் வாங்கி ஆடினோம். அவளும் நன்றாகத்தான் ஆடினாள், ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

யாருக்கு எப்போது என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் பதினொன்று. தொடைப் பின்தசை ஐந்து, அதில் இரண்டு அதே ஆளுக்கு மறுபடி வந்தது. கணுக்கால் சுளுக்கு மூன்று. கெண்டைக்கால் சதைப் பிடிப்பு ஒன்று. விரல் முறிவு ஒன்று. முழங்காலுக்குள் இருக்கிற ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தது ஒன்று. ஆண்கள் ஆட்டத்தில் தோளால் இடிக்கலாம். பெண்கள் ஆட்டத்தில் வேண்டுமென்றே உடம்பை மோதவே கூடாது. அப்படியிருந்தும் பதினொன்று! யாரோடும் மோதி வந்தது இரண்டே இரண்டுதான். மற்றதெல்லாம் தனியாக ஓடும்போது, திரும்பும்போது, குதித்து இறங்கும்போது.

அந்த ஏசிஎல்லைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூலை, வியாழக்கிழமை பயிற்சி, சாயங்காலம் ஆறு மணி, வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். எங்கள் நடுக்கள ஆட்டக்காரி ஆகாயத்தில் வந்த பந்தை இரண்டு கையாலும் அழகாகப் பிடித்தாள். இடது காலில் மட்டும் இறங்கினாள், இறங்கின அதே நொடியில் வலது பக்கம் திரும்பினாள். முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பத்தடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அவள் அழவில்லை. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே உட்கார்ந்து, "கால் என்னுடையது மாதிரி இல்லை" என்றாள். அவள் ஐந்தாம் வகுப்பு டீச்சர். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறாள்.

இன்னொன்று என் தப்பு. எங்கள் முன்வரிசைப் பெண்ணுக்குத் தொடைப் பின்தசை பிடித்துப் பன்னிரண்டே நாள். நடக்கிறாள், வலி இல்லை என்கிறாள், ஆள் குறைச்சல். சரி, இறங்கு என்று சொல்லிவிட்டேன். ஆறாவது நிமிஷம் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அதோடு அவளுக்கு சீசன் முடிந்தது.

கேள்வி இதுதான். இது மைதானமா, பயிற்சியா, நேரம் சரியில்லையா? அடுத்த மார்ச்சுக்குள் என்ன செய்ய வேண்டும்? விளையாட்டு மருத்துவம் தெரிந்தவர்கள், எந்த ஆட்டமானாலும் அணி நடத்தினவர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.

டர்பன் பிசியோ

அக்கா, நோட்டு எழுதி வைத்தீர்களே, அதுவே பாதி வேலை. என்னிடம் வருகிற கிளப்களில் பலர் அதைச் செய்வதில்லை.

முதலில் அந்தப் பன்னிரண்டு நாள் விஷயம். தொடைப் பின்தசைக் காயம் வருவதற்குப் பெரிய காரணமே ஏற்கெனவே வந்த தொடைப் பின்தசைக் காயம்தான். வலி போனது வேறு, தசை ஆறினது வேறு. நடக்கும்போது அந்தத் தசைக்கு வேலையே இல்லை. முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசி தரையைத் தொடப் போகிற கணத்தில்தான் அது நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. கிழிவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் நாட்களை எண்ணாதீர்கள், வேகத்தைப் பாருங்கள். பயிற்சியில் இரண்டு மூன்று தடவை முழு வேகத்தில் ஓடி, மறுநாள் காலை இறுக்கம் இல்லாமல் எழுந்தால்தான் ஆட்டத்தில் இறக்க வேண்டும்.

கேலிக் ஆட்டத்தில் இந்தத் தசை அதிகம் அடிபடுவதில் ஆச்சரியம் இல்லை. அயர்லாந்தில் ஆண்கள் மாவட்ட அணிகளை வைத்து நடத்திய ஆய்வில் காயங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று தொடைப் பின்தசை. முக்கால்வாசிக் காயம் காலிலும் இடுப்பிலும்தான். உங்கள் நோட்டும் அதைத்தானே சொல்கிறது? ஓடிக்கொண்டே குனிந்து பந்தை எடுப்பது, ஓடிக்கொண்டே உதைப்பது, இரண்டும் அந்தத் தசையை அதன் எல்லை வரை இழுக்கும்.

என்ன செய்யலாம்? அயர்லாந்தில் இந்த ஆட்டத்தை நடத்துகிற சங்கமான ஜிஏஏ தன் ஆட்டங்களுக்கென்றே ஒரு வார்ம்-அப் வைத்திருக்கிறது, ஜிஏஏ 15 என்று பெயர். சுமார் 15 நிமிஷம். ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்குவது, தசைவலு, கடைசியில் வேகமாகத் திரும்புவது. சாக்கருக்கு ஃபிஃபா வைத்திருக்கிற 11 ப்ளஸ் வார்ம்-அப் மாதிரியானதுதான். அந்த 11 ப்ளஸ்ஸை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. "ஒழுங்காக" என்பதைக் கவனியுங்கள். மாதத்துக்கு ஒருமுறை செய்து பயன் இல்லை.

அப்புறம் நார்டிக் என்ற தொடைப் பின்தசைப் பயிற்சி. மண்டி போட்டு நிற்க வேண்டும், பின்னால் ஒருத்தி கணுக்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும், இடுப்பை மடக்காமல் உடம்பை மரம் சாய்கிற மாதிரி மெதுவாக முன்னால் விட வேண்டும். முதல் வாரம் எல்லாரும் திட்டுவார்கள். ஐந்து ஐந்தாக இரண்டு தடவை போதும், பிறகு மெல்லக் கூட்டலாம். இதைச் செய்கிற அணிகளில் தொடைப் பின்தசைக் காயம் பாதியாகக் குறைகிறது.

டீச்சர் பற்றி: ஒரே ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் கிழிகிற வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. ஆப்பரேஷன் செய்தால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்துக்கு வரவே கூடாது. அவர் கெஞ்சினாலும் விடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் தாத்தா

மகளே, எனக்கு இந்த அயர்லாந்து ஆட்டம் தெரியாது. நான் ஆடினது சாக்கர், அதுவும் அந்தக் காலத்தில். ஆனால் மைதானம் தெரியும்.

நாங்கள் டர்பனிலிருந்து பஸ் பிடித்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு ஆடப் போவோம். எங்கள் ஊர்ப் பக்கம் கடல் காற்று, தரை எப்போதும் கொஞ்சம் ஈரம். அங்கே ஏறிப் போனால் கடல் மட்டத்துக்கு மேலே 1,750 மீட்டர். குளிர்காலத்தில் மழை என்ற பேச்சே கிடையாது, புல் வைக்கோல் நிறத்துக்குப் போயிருக்கும், கீழே மண் சிமெண்ட் மாதிரி. முதல் பாதி முடியும்போதே கெண்டைக்கால் கல்லாகிவிடும். உங்கள் சீசன் மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட்டில் முடிகிறது என்றால் பாதிக்கு மேல் அந்தக் காய்ந்த மாதங்கள்தானே.

ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போ. நடுக்களத்திலும் கோல் முன்னாலும் குத்திப் பார். கையால் அழுத்தி இறங்கவில்லை என்றால் அன்றைக்குக் குதிக்கிற பயிற்சி வேண்டாம். மைதானக்காரரிடம் பேசி முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விடச் சொல். ஷூவையும் பார். அடியில் நீளக் குமிழ் (ஸ்டட்) இருக்கிற ஷூ மழைத் தரைக்கு. காய்ந்த தரையில் அது உள்ளே இறங்காது, குச்சி மேல் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும், கணுக்கால் புரளும். குட்டை குட்டையாக நிறைய ஸ்டட் இருக்கிற ஷூதான் வேண்டும்.

மனசு விடாதே. எங்கள் சாக்கர் கிளப் மேனிங் ரேஞ்சர்ஸ் 1996-97இல் நாட்டின் பெரிய லீக்கான பிஎஸ்எல்லின் முதல் பட்டத்தையே ஜெயித்தார்கள், கார்டன் இகேசுண்ட் கோச். பெரிய பெரிய ஜோஹன்னஸ்பர்க் கிளப்களைத் தாண்டி சாட்ஸ்வொர்த் பையன்கள்! அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை.

தூத்துக்குடிப் பொண்ணு (மிட்ராண்ட்)

தாத்தா, ஸ்க்ரூடிரைவர் விஷயம் இன்றைக்கே செய்து பார்த்தேன். கோல் முன்னால் அரை விரல்கூட இறங்கவில்லை. மூன்று கணுக்காலில் இரண்டு அந்த இடத்தில்தான்.

தம்பி, எங்கள் வார்ம்-அப் என்பது மைதானத்தைச் சுற்றி இரண்டு சுற்று, அப்புறம் நின்று நின்று காலை இழுத்துவிடுவது, அவ்வளவுதான். ஆள் தாமதமாக வந்தால் அதுவும் இல்லை. நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டேன்.

டப்ளினில் ஏழு வருஷம்

சகோதரி, என் மனைவி அங்கே நர்ஸாக இருந்தாள், எங்கள் மகள் அங்கே கிளப்பில் இந்த ஆட்டம் ஆடி வளர்ந்தவள். இப்போது பிரிட்டோரியாவில் இருக்கிறோம். உங்கள் பதிவைப் பார்த்ததும் மகள்தான் எழுதச் சொன்னாள்.

அயர்லாந்தில் இந்த ஆட்டத்துக்குச் சம்பளமே கிடையாது. டப்ளினின் பெரிய மைதானமான குரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னால் ஆடுகிறவர்களும் மறுவாரம் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வேலைக்குப் போகிறவர்கள்தான். ஆக, உங்கள் பெண்களின் கஷ்டம் அங்கேயும் உண்டு. அங்கே தரை ஈரம்தான், மழைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் காயம் வருகிறது. ஏன் என்று கேட்டால் எங்கள் கிளப்பில் ஒரே பதில்தான் வரும்: ஒரே பிள்ளையை நாலு கோச் இழுக்கிறார்கள். கிளப், பள்ளிக்கூடம், கல்லூரி, மாவட்ட அணி. ஒவ்வொருவரும் தன் பயிற்சியை மட்டும்தான் கணக்கு வைக்கிறார். 2022லிருந்து மாவட்ட ஆட்டங்களை முதல் பாதி வருஷத்திலும் கிளப் ஆட்டங்களைப் பிறகும் பிரித்து வைத்ததற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம்.

அதனால் என் கேள்வி: உங்கள் ஆட்டக்காரிகளில் எத்தனை பேர் நெட்பாலும் ஆடுகிறார்கள்? இந்த நாட்டில் பள்ளியில் படித்த பெண் என்றால் நெட்பால் இல்லாமலா? பந்து கைக்கு வந்ததும் சட்டென்று நிற்க வேண்டிய ஆட்டம், அதுவும் பெரும்பாலும் கெட்டித் தளத்தில். முழங்காலுக்கு அதைவிடச் சோதனை வேறு இல்லை.

இன்னொன்று மகள் சொல்லச் சொன்னது. 2025 ஜூனில் ஆண்கள் ஆட்டத்தில் கெர்ரி மாவட்ட அணி மீத் அணியிடம் 9 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். முக்கியமான ஆட்கள் காயத்தில். எல்லாரும் கை கழுவிவிட்டார்கள். அடுத்த மாதமே டோனகாலை வென்று 39ஆவது முறையாக அகில அயர்லாந்துப் பட்டத்தை ஜெயித்தார்கள்.

தூத்துக்குடிப் பொண்ணு (மிட்ராண்ட்)

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பதில் வந்ததும் நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கை நடுங்கியது. 17 பேரில் ஏழு பேர் நெட்பால் ஆடுகிறார்கள். பதினொரு காயத்தில் எட்டு அந்த ஏழு பேருக்கு. அவர்களுடைய நெட்பால் புதன்கிழமை ராத்திரி. என் பயிற்சி வியாழன். ஆட்டம் சனி.

டீச்சரும் அதில் ஒருத்தி. முந்தின நாள் நெட்பாலில் முழு ஆட்டமும் ஆடிவிட்டு வந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஜூலையில் தொடர்ந்து தோற்றபோது, ஓட்டம் பத்தவில்லை என்று நினைத்து வியாழக்கிழமைகளில் இன்னும் பத்து ஓட்டம் கூட்டி வைத்தவளும் நான்தான். தொடைப் பின்தசைக் காயம் மூன்று அந்த ஜூலையில்தான் வந்தது. நோட்டில் தேதி இருந்தது, எனக்குக் கண் தெரியவில்லை.

பயிற்சியைத் திங்கட்கிழமைக்கு மாற்றுகிறேன். நெட்பால் ஆடுகிற ஏழு பேரும் அந்த வாரம் என்ன ஆடினார்கள் என்று எனக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும் என்று பேசியாகிவிட்டது. நெட்பால் கோச்சிடமும் பேசப் போகிறேன். விடச் சொல்ல மனசு வரவில்லை, அது அவர்கள் சின்ன வயசிலிருந்து ஆடுவது.

டர்பன் பிசியோ

விடச் சொல்ல வேண்டாம் அக்கா. வாரக் கணக்கு ஒரே கையில் இருந்தால் போதும். திடீரென்று கூட்டுவதுதான் ஆபத்து, ஆட்டம் நிறைய இருப்பது மட்டும் அல்ல. ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், முதலில் பாதி வேகம், மார்ச் வரும்போது முழு வேகம். இதுவரை மார்ச்சில் நேராக ஆட்டத்தில் இறங்கினீர்கள், இல்லையா?

தூத்துக்குடிப் பொண்ணு (மிட்ராண்ட்)

ஆமாம். டிசம்பர் லீவு, ஜனவரி பள்ளி திறப்பு, பிப்ரவரியில் மெல்ரோஸ் முருகன் கோயில் காவடி, எல்லாம் முடிந்து மார்ச்சில்தான் கூடுவோம். இனி ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை முதல் நாள்.

டீச்சருக்கு ஆப்பரேஷன் தேதி கிடைத்துவிட்டது. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) முழுசாகத் தரவில்லை, மீதியை அணியில் எல்லாரும் போட்டோம். அவள் ஜனவரியில் ஸ்டாப்வாட்சோடு வந்து உட்காருவேன் என்கிறாள்.

ஒரே ஒரு உதவி. முதல் நாலு சனிக்கிழமை குதித்து இறங்குவதையும் நார்டிக்கையும் நேரில் நின்று திருத்துவதற்கு ஜோஹன்னஸ்பர்க் பக்கம் பிசியோ படிக்கிற யாராவது வர முடியுமா? பெட்ரோல் காசு நான் தருகிறேன், மதியச் சாப்பாடு என் வீட்டில்.

லெனேசியா மாணவி

அக்கா, நான் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு. ஏசிஎல் பற்றித்தான் இந்த வருஷம் படித்தோம். காசு வேண்டாம், சாப்பாட்டுக்கு வருகிறேன். காலையில் எத்தனை மணிக்கு?

தூத்துக்குடிப் பொண்ணு (மிட்ராண்ட்)

ஏழரைக்கு, கண்ணு. தனிச்செய்தியில் இடம் அனுப்புகிறேன். மீன்குழம்பு சாப்பிடுவாயா என்று மட்டும் சொல்லிவிடு.