ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) பிரஷர்: ஒரே வெசலுக்கு (அழுத்தக் கலனுக்கு) 26, 28, 28.6, 31 பார். எதை எடுப்பது?

கேள்வி:
செங்குத்து வெசல், உயரம் 12 மீட்டர், உள்விட்டம் 1500 மி.மீ. எஸ்ஏ-516 கிரேடு 70, 16 மி.மீ. தகடு, அதில் அரிமானத்துக்கு 3 மி.மீ. டிசைன் 20 பார், 350 டிகிரி செல்சியஸ். எம்ஏடபிள்யூபி-யும் (அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வேலை அழுத்தம்) 20 தான். போல்ட் பி7 கிரேடு எஃகு. ஏஎஸ்எம்இ (அமெரிக்கக் கோடு) டிவிஷன் 1 ஸ்டாம்ப், பிஇடி (ஐரோப்பிய அழுத்தக் கருவி விதி) இரண்டும் வேண்டும். ஏஎஸ்எம்இ-படி 26-ஆ, 28-ஆ? பிடி 5500-ல் (பிரிட்டிஷ் கோடு) போட்டால் 31 பக்கம் வருகிறதே, ஏன்?

பதில் 1:
ஏஎஸ்எம்இ யுஜி-99(பி): 1.3 × எம்ஏடபிள்யூபி × ஸ்ட்ரெஸ் ரேஷியோ (டெஸ்ட் வெப்பநிலையின் அனுமதி ஸ்ட்ரெஸ் ÷ டிசைன் வெப்பநிலையின் அனுமதி ஸ்ட்ரெஸ்). தகட்டின் அனுமதி ஸ்ட்ரெஸ் டெஸ்ட் வெப்பநிலையில் 138 மெகாபாஸ்கல், 350 டிகிரியில் 128. ரேஷியோ 1.078, ஆக 28.03 பார்.

பி7-க்கு இரண்டு வெப்பநிலையிலும் 172 தான். அந்த ரேஷியோ 1-ஐக் குறைந்தபட்சம் என்று எடுத்ததால்தான் 26 வந்திருக்கும். இப்போதைய விதியில் போல்ட்டைச் சேர்க்க வேண்டாம், 1.3 × ரேஷியோ × போல்ட் ஸ்ட்ரெஸ், அதன் யீல்டில் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) 90 சதவீதத்தைத் தாண்டினால் மட்டுமே சேர்க்கணும். இங்கே 241 தான் வருகிறது, பக்கத்திலேயே இல்லை. 26-ல் டெஸ்ட் செய்தால் கோடுக்குக் குறைவு.

பதில் 2:
பிஇடி-யில் இரண்டைப் போட்டுப் பெரியதை எடுக்கணும்: 1.43 × 20 = 28.6, 1.25 × 20 × 1.078 = 26.95. எனவே 28.6. ரேஷியோ 1.144-ஐத் தாண்டினால்தான் 1.25 பக்கம் ஜெயிக்கும். ஐரோப்பியத் தரம் இஎன் 13445-லும் இதே அமைப்பு.

பிடி 5500, 1.25 × டிசைன் பிரஷர் × ரேஷியோவை, கூடுதலாக t/(t−c)-யால் பெருக்கும் (t தகட்டின் தடிமன், c அரிமானத்துக்கு விட்டது). 16/13 என்பதால் ரேஷியோ 1 என்றாலே 30.8. அரிக்காத புதுத் தகடு தடிமனாக இருப்பதால், அரித்த நிலைக்குச் சமமான ஸ்ட்ரெஸ் வர வைப்பதே அதன் நோக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

28.6 எடுங்கள், இரண்டு கோடும் நிறைவேறும். ஷெல்லில் ஹூப் ஸ்ட்ரெஸ் (சுற்றுவாக்கில் வரும் இழுவிசை) சுமார் 136 மெகாபாஸ்கல். யீல்டு 260, அதில் 90 சதவீதம் 234. பயமில்லை. ஃபிளாஞ்சையும் நாசிலையும் தனியாகப் பாருங்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

பதில் 3:
எண் சரி. ஆனால் கேஜ் எங்கே? 28.6 வெசலின் உச்சியில் இருக்கணும். நிற்க வைத்து டெஸ்ட் செய்து கேஜை அடியில் மாட்டினால் 12 மீட்டர் தண்ணீர் 1.18 பார் கூட்டிக் காட்டும். அடியில் 28.6 படித்தால் மேலே 27.4 தான், ஏஎஸ்எம்இ-யே தேறாது. அடிக் கேஜில் 29.8 வரணும். கேஜின் ரேஞ்ச் டெஸ்ட் பிரஷரைப் போல இரண்டு மடங்கு, 0–60 பொருந்தும்.

உச்சி வென்ட்டில் குமிழி முழுக்க நிற்கும்வரை காற்றை விடுங்கள். பேட் பிளேட்டின் (நாசிலைச் சுற்றி வெல்டு செய்த வலுவூட்டும் தகடு) டெல்-டேல் துளையை (கசிவைக் காட்டும் சிறு துளை) அடைக்காதீர்கள். உலோக வெப்பநிலை எம்டிஎம்டி-க்கு (டிசைனில் அனுமதித்த குறைந்தபட்ச உலோக வெப்பநிலை) 17 டிகிரியாவது மேலே இருக்கட்டும். வெல்டைக் கிட்டப் போய்ப் பார்ப்பது பிரஷரை இறக்கிய பிறகு: 28.6 ÷ 1.3 = 22 பார், அதற்குக் கீழே இறக்கிவிடாமல்.

ஆளில்லாமல் வெயிலில் நிற்கப்போகிறது என்றால், அடைபட்ட தண்ணீர் சூடாகிப் பிரஷர் ஏறும். டெஸ்ட் பிரஷரைப் போல 1⅓ மடங்கில், அதாவது 38 பாரில் செட் செய்த சிறு ரிலீஃப் வால்வை லைனில் போடச் சொல்லி யுஜி-99-ம் பரிந்துரைக்கிறது.