"இன்று நீதான் கேப்டன்" என்று சொல்லப்பட்ட நாள்: சீருடையில் பறந்தவர்கள் எழுதுங்கள்

பள்ளத்தாக்கு_பைலட்

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன். மி-17 ஹெலிகாப்டரில் கேப்டன்சி கிடைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் ஃப்ளைட் லெஃப்டினன்ட். லடாக்கில் ஒரு ராணுவச் சாவடிக்கு ஒரு தரைப்படை பிரிகேடியரையும் கொஞ்சம் சாமான்களையும் கொண்டுபோக வேண்டும். பள்ளத்தாக்கின் வாய் வரைக்கும் நல்ல வெளிச்சம், அதற்கப்புறம் மேகம் இரண்டு பக்க மலையையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அங்கே பறந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே போகப் போக அகலம் குறையும், திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

பிரிகேடியர் பின்னால் இருந்து எழுந்து வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் எஞ்சினியரின் தோளுக்கு மேல் குனிந்து, ஹெட்செட்டை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு "பதினொரு மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னைவிட நாலு படி மேலே உள்ளவர். விமானத்துக்குள் ரேங்க் எதுவாக இருந்தாலும் கேப்டன் சொல்வதுதான் முடிவு என்று எல்லோருக்கும் பாடம் நடத்தியிருக்கிறார்கள், ஆனால் அந்த வாக்கியத்தை ஹெட்செட்டில் கேட்கும்போது பாடம் ஞாபகத்துக்கு வருவதில்லை. எஞ்சினியருக்கு என் அப்பா வயது இருக்கும். அவர் மேகத்தையும் பார்க்கவில்லை, பிரிகேடியரையும் பார்க்கவில்லை, ஸ்டிக்கைப் பிடித்திருந்த என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து மேகம் விலகியது, இன்னொரு ஹெலிகாப்டர் அதே வழியில் போய் இறங்கியது. சாயந்திரம் எங்கள் ஸ்குவாட்ரனை, அதாவது விமானப் பிரிவை, நடத்தும் சி.ஓ. என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "திரும்பும்போது வலது பக்க மலை எவ்வளவு தூரத்தில் இருந்தது?" சொன்னேன். "சரி, போ" என்றார். சரியாகச் செய்தேனா, ரொம்பச் சீக்கிரம் திரும்பிவிட்டேனா, இன்று வரை தெளிவில்லை.

டெல்டா_இறக்கை

சீக்கிரம் இல்லை சார். மேகம் அப்புறம் விலகியது என்பது அந்த நிமிடத்தில் உங்களிடம் இல்லாத தகவல், அதை வைத்து உங்களை நீங்களே எடைபோடக் கூடாது. ஆனால் ஒன்று, உங்களுக்கு முடிவெடுக்க உங்கள் ஹெலிகாப்டர் ஒன்றுதான். எங்கள் பக்கம் தலைமை என்பதே பக்கத்தில் பறக்கிறவனின் எரிபொருள் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது.

மிக்-21 போர் விமானம், இரண்டு விமானங்களை வழிநடத்தும் லீடர் ஆவதற்கான செக், அதாவது பறப்புத் தேர்வு. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திரும்பி வரும்போது தளத்தில் புழுதி மூட்டம், பார்வைத் தூரம் குறைகிறது என்றார்கள். நான் என் கேஜைப் பார்த்துக் கணக்குப் போட்டு, மாற்றுத் தளத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பறந்த நம்பர் டூவிடம் எரிபொருள் எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்று தோன்றியதே தாமதமாகத்தான். அவன் சொன்ன எண் என்னுடையதைவிட 150 லிட்டர் குறைவு. ஃபார்மேஷனில் பின்னால் ஒட்டி வருகிறவன் த்ராட்டிலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவனுக்குத்தான் சீக்கிரம் குறையும், இது பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல எங்களுக்குச் சொல்லப்பட்ட விஷயம். மாற்றுத் தளம் என்ற வழியே அவனுக்கு அப்போது இல்லாமல் போயிருந்தது. அவனை முதலில் இறக்கிவிட்டு நான் பின்னால் இறங்கினேன்.

இறங்கிய பிறகு நடந்த டிபிரீஃபில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தொடையில் கட்டியிருந்த குறிப்புப் பலகையைக் கழற்றி மேஜை மேல் என் பக்கம் தள்ளினான். நான் கேட்பதற்கு ஆறு நிமிடம் முன்னாலேயே அந்த எண்ணை எழுதி, நேரம் போட்டு, இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தான். செக்கில் ஃபெயில். செக் எடுத்தவர் செய்தது சரி.

எங்களுக்கு முன்மாதிரி என்றால் கார்கில் போர்ச் சமயத்து தனோவா. 1999இல் 17வது ஸ்குவாட்ரனின் சி.ஓ.வாக இருந்தவர், மலைப் பகுதியில் இரவுத் தாக்குதலுக்கு அவரே மிக்-21 எடுத்துக்கொண்டு போனார், பின்னாளில் விமானப்படைத் தலைமைத் தளபதியும் ஆனார். ஃபைட்டர் ஸ்குவாட்ரனில் சி.ஓ. என்பவர் அன்றைய பறப்புப் பட்டியலில் பெயர் உள்ள ஆள்.

ஃபார்ம்700_சார்ஜென்ட்

நான் பறந்தவன் இல்லை, பறக்க விட்டவன். இங்கே எழுதலாமா தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு ஃப்ளையிங் ஆஃபீசர், மீசைகூடச் சரியாக வளராத பையன். விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கிறவர் வயிற்றுப் பக்கம் ஒரு பேனலில் விரலை ஓட்டிக்கொண்டே போய் நின்றுவிட்டார். ஒரு ஸ்க்ரூ தலை மயிரிழை அளவு வெளியே இருந்தது. அதை முடுக்கியது எங்கள் கார்ப்போரல், புதிதாக வந்தவன், அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆஃபீசர் சத்தம் போடவில்லை. கான்கிரீட்டில் அவன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, "எல்லாவற்றையும் ஒரு தடவை பார், நான் இருக்கிறேன்" என்று இந்தியில் சொன்னார். பதினைந்து நிமிடம் போனது, டேக்-ஆஃப் நேரமும் போனது. உள்ளிருந்து ஆள் வந்து ஏன் தாமதம் என்று கேட்டபோது "எனக்கு ஒரு சந்தேகம், நான்தான் நிறுத்தினேன்" என்றார். கார்ப்போரல் பெயர் வாயில் வரவே இல்லை. எத்தனையோ சி.ஓ.க்களிடம் வேலை பார்த்திருக்கிறேன், இவர் முகம்தான் மறக்கவில்லை.

கடல்_வழி

சார்ஜென்ட் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த ஆஃபீசர் செய்தது அன்பான காரியம், ஆனால் பாதி காரியம். முடுக்காத ஸ்க்ரூ பதிவாகாமல் போனால் நாளைக்கு வேறொரு விமானத்தில் அதே ஆள் அதே வேலையைச் செய்வான். ஆளைக் காப்பாற்றலாம், தவறை மறைக்கக் கூடாது.

என் கதை சின்னது. நான் கடற்படைப் பைலட். நாலு வருடம் பறந்துவிட்டு, கப்பலில் வாட்ச்-கீப்பிங்குக்கு, அதாவது முறை வைத்துக் கப்பலைச் செலுத்தும் பொறுப்புக்குப் போனேன். முதல் இரவு கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் தனியாக, எதிரே மீன்பிடிப் படகுகளின் விளக்கு நூறு இருக்கும், வானத்தில் நிமிடத்துக்கு ஒரு முடிவு எடுத்துப் பழகிய எனக்கு, இப்போது சுக்கானைத் திருப்பினால் கப்பல் எப்போது கேட்கும் என்று காத்திருப்பது தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற இளைஞர்களுக்குச் சொல்கிறேன், தலைமை வேண்டும் என்றால் பறப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். கடற்படையில் கப்பலுக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று அழுகிற பைலட்கள் நிறைய, அட்மிரல் அருண் பிரகாஷைப் பாருங்கள், 1971 போரில் விமானப்படையோடு சேர்ந்து ஹன்டரில் பறந்து வீர் சக்ரா வாங்கியவர், கடற்படை ஸ்குவாட்ரனையும் நடத்தினார், விராட் என்ற விமானம் தாங்கிக் கப்பலையும் நடத்தினார், கடைசியில் கடற்படைத் தளபதி. விமானப்படைத் தம்பிகள் தாம்பரம் பயிற்றுநர் கோர்ஸை இரண்டாம் தரம் என்று நினைக்காதீர்கள், சொல்லிக் கொடுக்கத் தெரியாதவனிடம் ஸ்குவாட்ரனைக் கொடுக்க மாட்டார்கள். குவாலியரில் ஃபைட்டர் காம்பாட் லீடர் கோர்ஸுக்குப் பெயர் வந்தால் கல்யாணத் தேதியைத் தள்ளிவைத்தாவது போங்கள். அதிகாரிகள் படிக்கும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், கழித்துப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்குவாட்ரனின் நிர்வாகம் பார்க்கும் அட்ஜுடன்ட் வேலை கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள், ஸ்குவாட்ரனில் யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல நாற்காலி கிடையாது. உடம்பைப் பாருங்கள், முதுகெலும்பு ஒரு தடவை மருத்துவப் போர்டில் சிக்கினால் மற்றதெல்லாம் காகிதம். விங் கமாண்டர் பதவி வரைக்கும் காலக்கணக்கில் வந்துவிடும், அதற்கு மேல் குரூப் கேப்டனுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள், அதற்குள் ஒரு யூனிட்டை நடத்திக் காட்டியிருக்க வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே ஞாபகம் வையுங்கள்.

ஃபார்ம்700_சார்ஜென்ட்

மறைக்கவில்லை சார். பறந்துவிட்டு வந்து விமானப் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700இல் அந்தப் பேனல் எண்ணோடு அவர் கையாலேயே எழுதினார், எங்கள் செக்ஷனில் எல்லா ஸ்க்ரூவையும் திரும்ப முடுக்கிப் பார்த்தோம். ஆள் பெயரை மட்டும்தான் விட்டார். அவசரத்தில் இங்கே அதைச் சொல்ல மறந்தது நான்.

பதினான்கு_வருடம்

கடல்_வழி சார், உங்கள் அறிவுரை முழுக்க நிரந்தரக் கமிஷன் உள்ளவருக்கு. என் கணக்கைக் கேளுங்கள். ஹெலிகாப்டரில் ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான வேலை, எனக்கு 14 வருடம். விங் கமாண்டர் ஆக 13 வருடம். மிச்சம் ஒரு வருடம், அதில் எந்த யூனிட்டை யார் கொடுப்பார்கள்? பெண் பைலட்களை 1990களில் எடுக்க ஆரம்பித்தார்கள், 2023இல்தான் ஹெலிகாப்டர் பைலட்டான ஷாலிஸா தாமி மேற்குப் பகுதியில் ஒரு ஏவுகணை யூனிட்டின் தலைமைக்கு வந்தார், முன்னணிப் போர் யூனிட்டுக்கு வந்த முதல் பெண். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன், பொறாமையில் இல்லை, நிஜமான சந்தோஷம்.

எனக்குக் கிடைத்த தலைமை ஒரு வெள்ள நிவாரணத்தில் ஒன்பது நாள். இரண்டு ஹெலிகாப்டர், அங்கே அனுப்பப்பட்ட சிறு அணிக்கு, அதாவது டிடாச்மென்டுக்கு, கமாண்டர் நான். நாலாம் நாள் இரவு வெள்ளைப் பலகையில் மறுநாள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மொட்டை மாடியிலிருந்து ஒரு பாட்டியை வின்ச் கயிற்றில் ஏற்றும்போது, ஒரே இடத்தில் நிற்க வேண்டிய என் ஹெலிகாப்டர் மூன்றடி நகர்ந்திருந்தது, வேறு யாருக்கும் தெரியாது, கயிற்றில் இருந்தவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். யாருக்கு ஓய்வு தேவை என்று பார்த்தால் முதல் பெயர் என்னுடையது. கையால் அழித்தேன். டிடாச்மென்டில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறுநாள் காலை அவர்கள் கிளம்பிப் போகும்போது தரையில் நின்றது பறந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. விரல் நுனியில் அந்த நீல மை சாயந்திரம் வரைக்கும் போகவில்லை.

பழைய_சிஓ

எல்லாவற்றையும் படித்தேன். நான் ஸ்குவாட்ரனை இரண்டு வருடம் நடத்தினேன். அதில் ஒரு நாள்.

விபத்து நடந்து ஒன்றரை மணி நேரம். டாக்டரும் என் மனைவியும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். மூன்று பேர் சேர்ந்து வந்து நின்றாலே அந்தக் குடியிருப்பில் எல்லாப் பெண்களுக்கும் அர்த்தம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி அஞ்சு மாதம், தெரியவில்லை. "அவர் இன்னும் வரவில்லை சார், உள்ளே வாங்க" என்றாள். நாற்காலி மேல் இருந்த துணியை அவசரமாக எடுத்தாள். நின்றபடியே சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்துவிட்டேன். முழு டம்ளரையும். அப்புறம்தான் சொன்னேன்.

பள்ளத்தாக்கு_பைலட்

சார், மறுநாள் ஸ்குவாட்ரன் பறந்ததா?

பழைய_சிஓ

மறுநாள் இல்லை. மூன்றாம் நாள் காலை, முதல் பறப்பு. நானும், இறந்தவனோடு அன்று பறந்த பையனும். அந்தப் பையனுக்கு நம்பர் டூவாக நான் போனேன்.